எந்தக் கதவை முதலில் தட்டுவது? குமரி மாவட்டத்துக்காரருக்கு ஒரு புகார்க் கணக்கு

தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை என்றால் காலை ஏழரைக்கே ஆள் வந்துவிடும். நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிற நாள் அது. போன ஆடி மாதம் அப்படித்தான் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். மகனுடைய பைக்குக்கு அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்திருக்கிறது. பையன் அதைத் தொட்டுவிட்டான். அம்மாவின் வங்கிக் கணக்கும் அதே போனில்தான். பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரம் சீவப் போய்ச் சேர்த்த 1,48,000 ரூபாய் வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை நடந்ததுக்கு இன்னைக்கா வாறீங்க?" என்றேன்.

"திங்கட்கிழமை கலெக்டர்ட்ட குடுத்தா எல்லாருக்கும் போயிரும்லா மக்கா" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. கலெக்டரிடம் கொடுக்கிற மனு எல்லாத் துறைக்கும் போகும். ஆனால் திருடன் சனி, ஞாயிறு லீவு எடுக்க மாட்டான்.

இதே குழப்பத்தோடு வாரத்துக்கு ரெண்டு பேராவது என் கடைக்கு வருகிறார்கள். ஸ்டேஷனுக்கா, எஸ்.பி. ஆபீஸுக்கா, கலெக்டரிடமா, ஏதாவது நம்பருக்கா? நான் வக்கீல் இல்லை. பதினைந்து வருடமாக மனுக்களுக்குக் காப்பி எடுத்தவன், அவ்வளவுதான். ஆனால் எந்த மனு எங்கே போய்த் தேங்கி நிற்கிறது என்பது காப்பி எடுப்பவனுக்கு நன்றாகவே தெரியும்.

நான் கண்டது இது. ஒரு குற்றத்துக்குப் போலீஸ், வங்கி, வருவாய்த்துறை, சுங்கம், கடலோரக் காவல் என்று பல துறை வேண்டியிருக்கும்போது, அவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க அரசு சில ஏற்பாடுகளைச் செய்து வைத்திருக்கிறது. ஒரு மேசையில் ஒரு வகைக் குற்றம்தான் பேசுவார்கள். நம் விஷயத்துக்கான மேசை ஏற்கெனவே இருந்தால் நேரே அங்கே போவதுதான் லாபம். தெரியாமல் வேறு கதவைத் தட்டினால், துறைக்கும் துறைக்கும் நடுவே தபால்காரர் வேலை நம் தலையில் விழும்.

குமரி மாவட்டத்தில் இது மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக உறைக்கும். களியக்காவிளையில் அடிபட்டு நாலு எட்டு வைத்தால் கேரளத்துப் பாறசாலை. மாநிலம் மாறிவிட்டது, போலீஸும் மாறிவிட்டது. இந்தப் பக்கம் சுமார் 70 கி.மீ. கடற்கரை.

## எதை வைத்து அளப்பது

என் கடையில் நான் கேட்கிற கேள்விகள் நாலு.

குற்றம் முடிந்துவிட்டதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருந்தால் மணி பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு முந்திய பத்திர மோசடி என்றால் பத்து நாள் யோசிக்கலாம்.

எத்தனை துறை கைவைக்க வேண்டும்? அடிதடிக்கு ஒரு ஸ்டேஷன் போதும். டிப்பரில் பாறை போவதற்கு நாலு துறை வேண்டும்.

கையில் என்ன தாள் கிடைக்கும்? தாள் இல்லாத புகார் காற்றில் எழுதியது மாதிரி.

உங்கள் பெயர் எத்தனை பேர் கண்ணில் படும்? பக்கத்து வீட்டில் கஞ்சா விற்கிறான் என்று சொல்ல வருபவருக்கு மற்ற மூன்றும் பொருட்டே இல்லை.

| கதவு | எதற்குச் சரி | கையில் கிடைப்பது | மறைவான செலவு |
|---|---|---|---|
| உள்ளூர் காவல் நிலையம் | திருட்டு, அடிதடி, மிரட்டல், எல்லை தாண்டிய சம்பவம் | சி.எஸ்.ஆர். ரசீது அல்லது எஃப்.ஐ.ஆர். நகல் | "சமாதானமாப் போங்க" என்று இழுத்தடிப்பு |
| 1930 | ஆன்லைனில் போன பணம் | எஸ்.எம்.எஸ்.ஸில் புகார் எண் | எஃப்.ஐ.ஆர். தானாக வராது |
| 10581, 1933 | போதைப்பொருள், கள்ளச்சாராயம் | எதுவும் இல்லை | என்ன ஆயிற்று என்று தெரியாது |
| 1093, 1554 | கடலில் நடப்பவை | எதுவும் இல்லை | கரையில் தனியாகப் புகார் எழுத வேண்டும் |
| எஸ்.பி. அலுவலகம் | ஸ்டேஷன் வாங்காத புகார், வேறு மாவட்டம் சேர்ந்த வழக்கு | மனு எண் | திரும்ப அதே ஸ்டேஷனுக்கே போகலாம் |
| ஆட்சியர் மனு | கனிமம், கழிவு, பல துறை விவகாரம் | மனு எண் | நாள் கணக்கு |

## 1930: மணிக்கணக்கில் ஓடும் பணத்துக்கு

இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான்.

1930 ஒரு போலீஸ் ஸ்டேஷனின் நம்பர் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பது மத்திய உள்துறையின் கீழ் வரும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம். 2018-ல் ஒப்புதல் கிடைத்து, 2020-ல் திறக்கப்பட்டு, 2024 ஜூலையிலிருந்து உள்துறையின் இணைப்பு அலுவலகமாக இயங்குகிறது. 2024 செப்டம்பரில் அங்கே வங்கிகள், பணப் பரிமாற்ற நிறுவனங்கள், டெலிகாம் கம்பெனிகள், மாநிலப் போலீஸ் ஆட்கள் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார ஒரு மையம் தொடங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்து கூப்பிட்டால் சென்னையிலுள்ள மாநில சைபர் குற்றப் பிரிவின் ஆட்கள் பேசுவார்கள்.

வேலை நடக்கிற விதம் எளிது. நீங்கள் சொல்கிற பரிவர்த்தனை எண்ணைக் கணினியில் ஏற்றியதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் பறக்கும். பணம் அங்கே இன்னும் இருந்தால் முடக்கி வைப்பார்கள். அடுத்த கணக்குக்குத் தாவியிருந்தால் தகவலும் அடுத்த வங்கிக்குத் தாவும். ஓட்டப் பந்தயம் மாதிரிதான். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கூப்பிட்டவருக்கும் மூன்றாம் நாள் கூப்பிட்டவருக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை: வங்கிப் பெயர், கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, யு.பி.ஐ. என்றால் அந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண். என் கடையில் ஸ்டேட்மென்ட் பிரின்ட் எடுத்ததும் அந்த எண்ணில் மஞ்சள் மார்க்கர் போட்டுக் கொடுத்துவிடுவேன். பதற்றத்தில் இருப்பவர் கணக்கு எண்ணையும் அதையும் மாற்றிப் படித்துவிடுகிறார். கூப்பிட்ட பிறகு எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு புகார் எண் வரும். 24 மணி நேரத்துக்குள் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்துவிட வேண்டும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? முதலாவது, 1930-ல் சொன்னாலே வழக்குப் பதிவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. புகார் எண்ணோடு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கு ஒரு நடை போக வேண்டும். குலசேகரத்திலிருந்தோ ஆறுகாணியிலிருந்தோ வருபவருக்கு அன்றைய பால்வெட்டு போய்விடும். இரண்டாவது, பணம் முடங்கியது என்றாலே கைக்கு வந்தது என்று ஆகாது. நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். மூன்றாவதுதான் கொடுமை. "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், ப்ராசஸிங் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று கொஞ்ச நாளில் ஒரு போன் வரும். அது பழைய கூட்டமேதான், அல்லது அவர்களிடம் பட்டியல் வாங்கிய இன்னொரு கூட்டம்.

இதே ஏற்பாடு எதிர்ப்பக்கமிருந்தும் நம்மைக் கடிக்கும். மார்த்தாண்டத்தில் ஒரு பழக்கடைக்காரரின் கணக்கை எங்கோ வடக்கிலுள்ள போலீஸ் முடக்கிவிட்டது. ஏமாற்றுக்காரன் எவனோ அவர் கடையில் ஜிபே செய்து ரெண்டு கிலோ ஆப்பிள் வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான். வங்கியில் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, முடக்கச் சொன்ன காவல் நிலையத்துக்கு பில்லோடு மெயில் அனுப்பி, ரெண்டு மாசம் அலைந்தார். பல துறைகள் வேகமாகக் கைகோக்கும்போது நடுவில் நிற்பவரும் நசுங்கத்தான் செய்கிறார்.

## போதை, சாராயம்: பேர் சொல்லாமல் சொல்ல

போதைப்பொருளுக்கென்று 2016-ல் ஓர் ஒருங்கிணைப்பு ஏற்பாடு வந்தது. 2019-ல் அதை நான்கு அடுக்காக மாற்றினார்கள்: டெல்லியில் இரண்டு, மாநிலத்தில் ஒன்று, மாவட்டத்தில் ஒன்று. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர்தான் தலைவர். போலீஸ், வனத்துறை, சுகாதாரம், கல்வி, மருந்துக் கட்டுப்பாடு எல்லாம் அந்த மேசைக்கு வர வேண்டும். பள்ளிக்கூட வாசலில் விற்கிறான் என்கிற புகார் போலீஸுக்கு மட்டும் உரியது இல்லை என்பதால் இப்படி.

நாம் தட்ட வேண்டிய கதவு இரண்டு. தமிழ்நாடு காவல்துறையின் 10581, மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் 1933. இரண்டாவது 2024 ஜூலையில் வந்தது. ஊருக்குள் சில்லறை விற்பனை, கள்ளச்சாராயம் என்றால் முதலாவது. மாநிலம் விட்டு மாநிலம் வருகிற சரக்கு என்றால் இரண்டாவது.

யார் சொன்னது என்று வெளியே வருமா? 1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டத்தின் 68-ம் பிரிவு, தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. சட்டம் காப்பாற்றும், சரி. டீக்கடையில் உட்கார்ந்து உரக்கப் பேசினால் சட்டம் என்ன செய்யும்? போனிலும் தகவலை மட்டும் சொல்லுங்கள், "எங்க வீட்டு மாடியிலிருந்து பார்த்தா தெரியும்" என்று சேர்க்காதீர்கள்.

ரசீது எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து அதே ஆள் அதே இடத்தில் நின்றால் திரும்பவும் கூப்பிட வேண்டியதுதான்.

## கடல்

கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. கடலோரக் காவல்படை 1554. சந்தேகப் படகு, ஆளில்லாத படகு, கடத்தல் சரக்கு என்றால் 1093. நடுக்கடலில் ஆபத்து, கப்பல் இடித்துவிட்டுப் போனது என்றால் 1554. 26/11 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடற்படை, கடலோரக் காவல்படை, மாநிலப் போலீஸ் மூன்றும் பொறுப்பைப் பிரித்துக்கொண்டன. போலீஸார் மாறுவேடத்தில் படகில் வந்து ஊடுருவப் பார்ப்பதும், மற்றவர்கள் பிடிப்பதுமாக நடக்கிற சாகர் கவாச் ஒத்திகை அதன் தொடர்ச்சிதான்.

நம் மீனவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய எண் இன்னொன்று உண்டு: 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கி.மீ. அதற்கு வெளியே மாநிலப் போலீஸின் அதிகாரம் தேய்ந்துவிடும். 2012 பிப்ரவரி 15-ல் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்களே, அதில் ஒருவர் நம் மாவட்டத்துக்காரர். கேரளப் போலீஸ் வழக்குப் போட்டது. சம்பவம் 20 கடல் மைலுக்கு வெளியே நடந்ததால் கேரளத்துக்கு அதிகாரமில்லை, மத்திய அரசுக்குத்தான் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ., சர்வதேசத் தீர்ப்பாயம் என்று சுற்றி, 2021-ல் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு முடிந்தது. தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். சம்பவம் நடந்த இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பை அந்த நிமிடமே போட்டோ எடுத்து வைப்பது எதற்கு என்று இப்போது புரியும். எந்த மேசை என்பதை முடிவு செய்வதே அந்த எண்தான்.

## ஸ்டேஷன், எஸ்.பி., எல்லை

சாதாரணக் குற்றத்துக்கு இன்றைக்கும் முதல் கதவு உள்ளூர் ஸ்டேஷன்தான். அங்கே மூன்று விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ம் பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். பாறசாலையில் செயினை அறுத்துக்கொண்டு ஓடினால் களியக்காவிளையில் எழுதிக் கொடுக்கலாம். அவர்கள் அதை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். "அங்க போய்க் குடுங்க" என்று சொல்ல முடியாது. மின்னஞ்சலிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கிடையாது.

சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கியதற்கான ரசீது மட்டுமே. எஃப்.ஐ.ஆர். வேறு. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய சட்டம் மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே ரசீதை வாங்கி பர்ஸில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

ஸ்டேஷனில் வாங்காவிட்டால் எஸ்.பி.க்கு எழுத்தில் தரலாம், தபாலில் அனுப்பினாலும் செல்லும். புதன்கிழமை மனு நாள். நேரில் போவதன் லாபம் என்னவென்றால், மாவட்டக் குற்றப் பிரிவா, சைபரா, நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவா என்று பிரித்துவிடுகிற அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. திருவனந்தபுரம் ரூரல் எஸ்.பி.யிடம் பேசுவதும், திருநெல்வேலி டி.ஐ.ஜி.க்குக் கொண்டுபோவதும் அந்த மட்டத்தில்தான் நடக்கும். வெறுமனே "நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதிக் கொடுத்தால் மனு சுற்றிவிட்டுப் பழைய ஸ்டேஷனுக்கே வரும். சி.எஸ்.ஆர். எண்ணையும் தேதியையும் போட்டு, எந்தப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்றும் எழுதுங்கள்.

எல்லை தாண்டிய வழக்கில் போலீஸ் முழு மூச்சாக இறங்கினால் எப்படி இருக்கும் என்பதை இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழகமும் கேரளமும் தேடி, ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்தின் உடுப்பியில் இருவர் பிடிபட்டார்கள். பிறகு வழக்கு என்.ஐ.ஏ.வுக்குப் போனது. நம் வீட்டுச் செயினுக்கு அந்த வேகம் வராது என்பது வேறு விஷயம்.

ஒரு சுவாரசியம். நம் மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு சேர்த்த 1956-ம் வருட மாநிலச் சீரமைப்புச் சட்டம்தான், மாநிலங்கள் உட்கார்ந்து பேச மண்டலக் கவுன்சில்களையும் உண்டாக்கியது. எல்லையைப் போட்டவர்களுக்கே, போட்ட கோட்டைத் தாண்டிப் பேச வேண்டியிருக்கும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

கோர்ட் கடைசிக் கதவு. ஸ்டேஷனும் எஸ்.பி.யும் கைவிட்டால், அதே புதிய சட்டத்தின் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு போகலாம். எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீது இல்லாமல் போனால் அங்கே மனு நிற்காது. வக்கீல் பீஸ் உங்களுக்கும் வக்கீலுக்கும் நடுவே.

## ஆட்சியர் மனு: எப்போது இதுதான் சரி

அக்காவின் விஷயத்துக்குத் தப்பான கதவு என்றேனே தவிர, கதவே தப்பு என்று சொல்லவில்லை.

கேரளத்துக்கு டிப்பர் டிப்பராகக் கல்லும் மண்ணும் போகிறது. வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது. ஸ்டேஷனில் கேட்டால் பர்மிட் இருக்கிறது என்பார்கள். பர்மிட் கொடுத்தது கனிமவளத்துறை, பாரம் பார்க்க வேண்டியது போக்குவரத்துத்துறை, நிலம் வருவாய்த்துறை. இந்த நாலு பேரையும் ஒரே அறையில் கேள்வி கேட்கக் கூடியவர் மாவட்டத்தில் ஆட்சியர் ஒருவர்தான். கனிமக் கடத்தலுக்கான மாவட்டப் பணிக்குழுவுக்கும் அவரே தலைவர். மருத்துவக் கழிவு, கோழிக் கழிவு கொண்டுவந்து கொட்டுவதும் இந்த ரகம்தான். 2024 டிசம்பரில் நெல்லையில் கொட்டிய மருத்துவக் கழிவை, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரளமே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அந்த மாதிரி விஷயங்களுக்கு ஊர்க்காரர்களின் மனு எண்கள் பின்னால் ஆதாரமாக நிற்கும். பொதுத் தொல்லை என்றால் அதே குற்ற நடைமுறைச் சட்டத்தின் 152-ம் பிரிவில் தடுத்து உத்தரவு போட பத்மநாபபுரம் சப்-கலெக்டருக்கும் நாகர்கோவில் ஆர்.டி.ஓ.வுக்கும் அதிகாரம் உண்டு.

ஆட்சியரால் முடியாதது ஒன்று. நடக்கிற வழக்கில் "இவனைச் சேர், அவனை விடு" என்று புலனாய்வு அதிகாரிக்கு அவர் சொல்ல முடியாது. அதற்காக மனு எழுதிக்கொண்டு வருபவர்களிடம் காப்பிக் காசை வாங்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒரே புகாரை ஆறு இடத்துக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. ஆறும் கடைசியில் ஒரே மேசைக்குத்தான் வந்து சேரும். ஆறு விசாரணைக்கு ஆறு நாள் கூலி போகும். ஓர் இடத்தில் கொடுத்துவிட்டு, அந்த எண்ணைக் குறிப்பிட்டு அடுத்த இடத்துக்குப் போவதுதான் எனக்குத் தெரிந்து பலித்த வழி.

அந்த அக்கா அன்றைக்கு என் கடையிலிருந்தே 1930-ஐக் கூப்பிட்டார். மூன்று நாள் ஆகியிருந்ததால் பெரும்பகுதி ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிட்டது. ஒரே ஒரு கணக்கில் 19,000 ரூபாய் சிக்கி நின்றது. சைபர் ஸ்டேஷனுக்கு மூன்று நடை, பிறகு கோர்ட். கார்த்திகை மாதம் திரும்ப வந்து, பாலிதீன் கவரிலிருந்து கோர்ட் மனுவை எடுத்து நீட்டினார்.

"எத்தன காப்பிக்கா?"

"வக்கீலு மூணு சொன்னாரு. நீ நாலா எடு மக்கா, ஒண்ணு எங்கையிலயே இருக்கட்டும்."